சூரியனார்கோயிலுக்கு முதன்முறையாகச் செல்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தஞ்சாவூர் மாவட்டம் திருவிடைமருதூர் வட்டத்தில், காவிரியின் வடகரையில், நெல்வயல்களுக்கும் வாழைத்தோட்டங்களுக்கும் நடுவே அமைந்திருக்கிறது சூரியனார்கோயில். கோயிலின் பெயரே ஊருக்கும் பெயராகிவிட்டது. நவக்கிரகத் தலங்கள் ஒன்பதில் இதுவும் ஒன்று என்பது பலரும் அறிந்ததே. ஆயினும் மற்ற எட்டிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது என்பதை அறியாமலேயே வந்து, கால் மணி நேரத்தில் தரிசனத்தை முடித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்படுகிறவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

திங்களூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, ஆலங்குடி, கஞ்சனூர், திருநள்ளாறு, திருநாகேஸ்வரம், கீழப்பெரும்பள்ளம் ஆகிய எட்டும் சிவாலயங்கள். அங்கெல்லாம் கருவறையில் இருப்பவர் சிவபெருமான். அந்தந்தக் கோளுக்கு அக்கோயிலுக்குள் தனிச் சந்நிதியோ தனிச் சிறப்போ உண்டு. இங்கு மட்டும் சூரியனே மூலவர். மற்ற எட்டுக் கோள்களும் தனித்தனிச் சந்நிதிகளில் அவரைச் சூழ நிற்கின்றன. ஒடிசாவின் கோனார்க்கும் குஜராத்தின் மோதேராவும் சிற்பச் சிறப்பால் உலகப் புகழ் பெற்ற சூரியக் கோயில்கள்தாம், ஆனால் அங்கு இன்று நாள்வழிபாடு இல்லை. காவிரிக்கரையின் இச்சிறிய கோயிலிலோ நாள்தோறும் விளக்கேற்றி, அபிடேகம் செய்து, அமுது படைத்து வருகிறார்கள். பெரிய கோபுரத்தையும் நெடிய பிராகாரங்களையும் எதிர்பார்த்து வராதீர்கள். இராசகோபுரம் மூன்று நிலைகள் மட்டுமே கொண்டது.

எந்த நாள், எந்த நேரம்

ஞாயிற்றுக்கிழமையே சூரியனுக்குரிய நாள் என்பதால் அன்று கூட்டம் மிகுதி. ஆவணி மாத ஞாயிறுகளிலும் கார்த்திகை ஞாயிறுகளிலும் கூட்டம் இன்னும் பெருகும். தை மாத வளர்பிறை ஏழாம் நாளான இரத சப்தமி இக்கோயிலின் பெருவிழாக் காலம். அப்போது வருவது பெரும் பேறுதான். ஆனால் முதல் வருகையாக அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. வரிசை நகர நகர உங்களையும் நகர்த்திக்கொண்டு போவார்கள். எந்தச் சந்நிதியில் எந்தக் கோள் இருக்கிறது என்று நின்று பார்க்க இயலாது. முதல் முறை ஒரு வார நாளில் அமைதியாக வந்து கோயிலை அறிந்துகொள்ளுங்கள். அடுத்த முறை ஞாயிற்றுக்கிழமையில் வரும்போது கூட்டத்தின் நடுவிலும் உங்கள் மனம் சிதறாது.

ஞாயிற்றுக்கிழமையில்தான் வர இயலும் என்பவர்கள் காலையிலேயே வந்துவிடுவது நல்லது. அன்று காலை ஆறு முதல் ஏழு வரை சூரிய ஓரை. நடை திறக்கும் வேளையும் ஏறத்தாழ அதுவே. மாலை 4.30 முதல் 6 வரை இராகு காலம் என்பதால், அதைப் பார்க்கிறவர்கள் மாலை வருகையைத் தவிர்ப்பார்கள். எந்த நாளாயினும், நண்பகலுக்குப் பிறகு நடை சாத்தப்பட்டு மாலை நான்கு மணி அளவில்தான் மீண்டும் திறக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. நான் முதன்முறை என் பெற்றோரை அழைத்து வந்தபோது, வழியில் இரண்டு கோயில்களைப் பார்த்துவிட்டு ஒரு மணிக்கு வந்து சேர்ந்தோம். மூன்று மணி நேரம் வெயிலில் காத்திருந்ததில் தந்தையார் மிகவும் களைத்துவிட்டார். காலை பத்து மணிக்குள் கோயிலுக்குள் இருக்கும்படி பயணத்தைத் திட்டமிடுங்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் அந்நேரத்தைத் தாண்டினால் கருங்கல் தரையில் வெறுங்காலுடன் நடப்பதே கடினமாகிவிடும்.

சென்றடையும் வழி

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் சாலையில் ஆடுதுறை வரை வர வேண்டும். நெல் இரகங்களுக்குப் பெயர் பெற்ற அரிசி ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர் இது. உழவுத் தொழிலோடு தொடர்புடையவர்களுக்குப் பழக்கமான பெயராக இருக்கும். அங்கிருந்து வடக்கே திரும்பிக் காவிரிப் பாலத்தைக் கடந்தால் இரண்டு மூன்று கிலோமீட்டரில் சூரியனார்கோயில். கும்பகோணத்திலிருந்து மொத்தத் தொலைவு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். ஆடுதுறையில் இரயில் நிலையம் உண்டு; ஆனால் எல்லா விரைவு வண்டிகளும் அங்கு நிற்பதில்லை. தொலைவிலிருந்து வருபவர்கள் கும்பகோணத்தில் இறங்கி, அங்கேயே தங்கி, மறுநாள் காலையில் புறப்படுவதே வசதி. கும்பகோணம் பேருந்து நிலையத்திலிருந்து ஆடுதுறைக்கு அடிக்கடி பேருந்துகள் உண்டு. ஆடுதுறையிலிருந்து ஆட்டோவில் செல்வதானால், திருமங்கலக்குடியையும் சேர்த்துச் சொல்லி, காத்திருப்பதற்கும் சேர்த்துக் கட்டணம் பேசிக்கொள்ளுங்கள். ஏன் அந்த ஊரைச் சேர்க்க வேண்டும் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

ஒன்பது கோயில்களையும் ஒரே நாளில் காட்டும் வேன்களும் பேருந்துகளும் கும்பகோணத்திலிருந்து புறப்படுகின்றன. முதியவர்களுக்கும், மீண்டும் இப்பக்கம் வர வாய்ப்பில்லாதவர்களுக்கும் அவை உதவியானவையே. ஆனால் திங்களூர் திருவையாற்றுக்கு அருகில் மேற்கே இருக்கிறது, கீழப்பெரும்பள்ளம் பூம்புகார் பக்கத்தில் கடலோரத்தில் இருக்கிறது, திருநள்ளாறோ காரைக்காலில். இத்தனையையும் ஒரு பகலுக்குள் அடக்கினால் ஒவ்வொரு கோயிலுக்கும் கிடைப்பது சில நிமிடங்களே. இரண்டு நாள் ஒதுக்க இயலுமானால் ஒதுக்குங்கள். ஒரு நாள்தான் உண்டு என்றால், ஒன்பதையும் தொட்டுவிட்டு ஓடுவதைவிட இந்த ஒரு கோயிலையும் அதை ஒட்டிய இரண்டையும் நிறைவாகத் தரிசிப்பது மேல்.

எடுத்துச் செல்ல வேண்டியவை

உடை எளிமையாக இருக்கட்டும். ஆண்கள் வேட்டியும், பெண்கள் புடவையோ சுடிதாரோ அணிந்து வந்தால் எந்தத் தயக்கமும் இருக்காது. அரைக்கால் சட்டையைத் தவிர்த்துவிடுங்கள்.

சூரியனுக்கு உகந்த நிறம் சிவப்பு, மலர் செந்தாமரை, தானியம் கோதுமை. செந்தாமரை கிடைக்காவிட்டால் செவ்வரளி போதும். அர்ச்சனைக்குத் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, ஊதுவத்தி, கற்பூரம் அடங்கிய தட்டு வழக்கமானது. கோயில் வாசலிலேயே வாங்கிக்கொள்ளலாம். மற்றக் கோள்களுக்கும் தானியம் சாத்த விரும்புகிறவர்கள் வீட்டிலிருந்தே சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி, மேலே பெயர் எழுதிக் கொண்டுவருவது நல்லது. சந்திரனுக்கு நெல், செவ்வாய்க்குத் துவரை, புதனுக்குப் பச்சைப்பயறு, குருவுக்குக் கொண்டைக்கடலை, சுக்கிரனுக்கு மொச்சை, சனிக்கு எள், இராகுவுக்கு உளுந்து, கேதுவுக்குக் கொள்ளு என்பது முறை. இவையெல்லாம் இல்லாமல் வெறுங்கையுடன் வந்து கும்பிட்டாலும் குறை ஒன்றுமில்லை. தட்டு வாங்கப் பணமில்லையே என்று தயங்கி வாசலில் நிற்பவர்களைக் கண்டிருக்கிறேன்; அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சில்லறை நோட்டுகள், ஒரு துணிப்பை, தண்ணீர் ஆகியவற்றை மறவாதீர்கள். அர்ச்சனை செய்யவிருக்கும் குடும்பத்தினரின் பெயரையும் நட்சத்திரத்தையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டால் சந்நிதியில் தடுமாற்றம் இராது. நட்சத்திரம் தெரியாதவர்கள் வருந்த வேண்டாம். ‘சுவாமி பேருக்கு அர்ச்சனை’ என்று சொன்னால் அர்ச்சகர் அப்படியே செய்துவிடுவார்.

முதலில் திருமங்கலக்குடி

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தவறவிடும் படி இதுதான். சூரியனார்கோயிலுக்குச் செல்வதற்கு முன், நடந்தே செல்லக்கூடிய தொலைவில் இருக்கும் திருமங்கலக்குடிப் பிராணநாதேசுவரரையும் மங்களாம்பிகையையும் வணங்க வேண்டும் என்பது மரபு. வண்டியில் வருபவர்கள் ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் நேராகச் சூரியனார்கோயில் வாசலில் நிறுத்திவிடுவார்.

இந்த வரிசைக்குத் தலவரலாறே காரணம். காலவர் என்னும் முனிவர் தம்மைத் தொழுநோய் பற்றப்போவதை முன்கூட்டியே உணர்ந்து, ஒன்பது கோள்களையும் நோக்கித் தவமிருந்தார். தவத்துக்கு மகிழ்ந்த கோள்கள் அந்நோய் அவரை அணுகாதபடி வரம் தந்துவிட்டன. பிரமன் சினந்தான். உயிர்கள் செய்த வினைக்கேற்ற பயனைக் கொண்டு சேர்ப்பதுதான் கோள்களின் வேலை. தாமாக வரம் கொடுக்கவும் வினையை மாற்றவும் அவற்றுக்கு உரிமையில்லை. ஆகவே முனிவரைப் பற்ற வேண்டிய நோய் கோள்களையே பற்றும்படி அவன் சபித்தான். நோயுற்ற கோள்கள் பூமிக்கு வந்து, அகத்தியரின் வழிகாட்டுதலின்படி, வெள்ளெருக்கங்காடாக இருந்த இப்பகுதியில் தங்கிப் பிராணநாதரை வழிபட்டன. ஞாயிறுதோறும் எருக்கிலையில் தயிர்சோறு படைத்து அதையே உண்டு நோன்பிருந்தன. நோய் நீங்கியது. அவை தங்கித் தவமிருந்த இடத்தில், தம்மை நாடி வருபவர்களுக்கு அருளும் உரிமையையும் இறைவன் அவற்றுக்கு அளித்தான். அந்த இடமே இன்றைய சூரியனார்கோயில்.

இக்கதையை மனத்தில் கொண்டு இரண்டு கோயில்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால், சோதிடம் சொல்பவர்கள் ஊட்டும் அச்சம் தானாகக் குறைந்துவிடும். நம்மைத் துன்புறுத்துவதாக நாம் நினைக்கும் கோள்களே ஒருகாலத்தில் துன்புற்று, பக்கத்து ஊர்ச் சிவனிடம் சென்று குணமடைந்தன என்றுதான் இந்தத் தலம் சொல்கிறது. கோள்கள் முதலில் வணங்கிய இடத்தில் நாமும் முதலில் வணங்குவதுதானே முறை?

திருமங்கலக்குடி சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். தன் கணவனின் உயிரை மீட்டுத் தரும்படி ஒரு பெண் அம்பிகையிடம் வேண்ட, அவன் உயிர்பெற்று எழுந்தான் என்பதால் இறைவனுக்குப் பிராணநாதர் என்ற பெயர் வழங்குகிறது. மாங்கல்ய பலம் வேண்டிப் பெண்கள் இங்கு மிகுதியாக வருகிறார்கள். ஊர், விமானம், விநாயகர், அம்பிகை, தீர்த்தம் ஐந்துமே மங்களம் என்ற பெயரைத் தாங்கியிருப்பதால் பஞ்சமங்களத் தலம் என்றும் இதைச் சொல்வார்கள்.

எருக்கிலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கதையைக் கேட்டுவிட்டு, சாலையோர எருக்கஞ்செடியிலிருந்து தாமே இலை பறித்து அதில் சோறு வைத்து உண்ண முயல்பவர்கள் இருக்கிறார்கள். எருக்கம்பால் நஞ்சு, கண்ணில் பட்டால் பெருந்தீங்கு விளையும். கோயிலில் பிரசாதமாகத் தருவதைப் பெற்றுக்கொள்ளுங்கள், அதற்குமேல் வேண்டாம். குழந்தைகளை அச்செடியின் அருகே விடாதீர்கள். சூரியனார்கோயிலின் தலமரமும் வெள்ளெருக்கு என்பதால் இது அங்கும் பொருந்தும்.

சூரியனார்கோயிலுக்குள்

கோயில் மேற்கு நோக்கியது. காலையில் வாசலைக் கடந்து உள்ளே நடக்கும்போது, நீங்கள் கிழக்கைப் பார்த்தபடி, கதிரவன் எழுந்து வரும் திசையை நோக்கியே நடக்கிறீர்கள். பலரும் இதைக் கவனிப்பதில்லை. நான் ஒவ்வொரு முறையும் வாசலில் ஒரு கணம் நின்று வானத்துச் சூரியனைக் கும்பிட்டுவிட்டுத்தான் கல்லில் இருக்கும் சூரியனைக் காணச் செல்கிறேன்.

கோயிலுக்குரிய குளம் சூரிய தீர்த்தம். கால் கழுவி, நீரைத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும். திருநள்ளாற்று நளதீர்த்தத்தில் குளித்துத் துணியை விட்டுவரும் பழக்கத்தைப் பிற தலங்களுக்கும் கொண்டுவருகிறார்கள். அருள்கூர்ந்து இங்கே அதைச் செய்யாதீர்கள். குளத்தில் துணி கிடந்து அழுகுவதால் எவருக்கும் எந்தத் தோஷமும் தீர்வதில்லை.

முதல் வணக்கம் கோள்தீர்த்த விநாயகருக்கு. கோள்களின் துயரைத் தீர்த்தவர் என்பது பெயரின் பொருள். பிறகு காசி விசுவநாதரையும் விசாலாட்சியையும் வணங்குங்கள். சூரியனுக்கான கோயிலிலும் சிவன் சந்நிதியைக் கடந்தே செல்ல வேண்டியிருப்பது, மேலே சொன்ன தலவரலாற்றோடு பொருந்தி வருவதைக் காண்பீர்கள்.

அடுத்தது மூலவர் சந்நிதி. சிவாலயத்தில் நந்தி இருக்கும் இடத்தில் இங்கே குதிரை இருக்கிறது. உள்ளே சூரியனார் நின்ற கோலத்தில், இரு கைகளிலும் தாமரை ஏந்தி, உஷாதேவி, சாயாதேவி இருவருடன் காட்சி தருகிறார். முகத்தில் வெம்மை இல்லை, புன்னகையே இருக்கிறது. தீபாராதனை காட்டும்போது கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். அந்த ஒளியில்தான் திருமுகம் தெளிவாகத் தெரியும், பார்ப்பதற்கே இவ்வளவு தொலைவு வந்திருக்கிறீர்கள். மூலவருக்கு நேர் எதிரே அவரை நோக்கியபடி குரு பகவான் நிற்கிறார். சூரியனின் கடுமையைக் குருவின் பார்வை தணிக்கிறது, அதனால்தான் நம்மால் அருகில் நின்று வணங்க முடிகிறது என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். ஆகவே மூலவரை வணங்கியதும் திரும்பிக் குருவையும் வணங்குங்கள். கூட்டத்தில் குருவுக்கு முதுகைக் காட்டியபடியே நகர்ந்துவிடுவதுதான் இங்கே நிகழும் பெரும் கவனக்குறைவு.

பின்னர் மற்ற ஏழு கோள்களின் சந்நிதிகள். நம் ஊர்ச் சிவாலயங்களில் ஒரே மேடையில் ஒன்பது பேரையும் சேர்த்துச் சுற்றிப் பழகியவர்களுக்கு, ஒவ்வொருவர் முன்னும் தனியாக நிற்பது புது அனுபவமாக இருக்கும். எவருக்கு அடுத்து எவரை வணங்குவது, எந்தப் பக்கமாகச் செல்வது என்பதற்குக் கோயிலில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தொடக்கத்திலேயே அர்ச்சகரிடமோ பணியாளரிடமோ கேட்டு அதன்படி நடங்கள். உங்கள் சாதகத்தில் இடர் தருவதாகச் சொல்லப்பட்ட கோளின் முன் மட்டும் நின்றுவிட்டு மற்றவர்களைக் கடந்துவிடாதீர்கள். விக்கிரகங்களைத் தொடுவது, விளக்கு வைக்க ஒதுக்கிய இடம் தவிர வேறெங்கும் விளக்கேற்றுவது, கற்பூரத்தைக் கல்லில் வைத்துக் கொளுத்துவது ஆகியவை கூடா. நூற்றாண்டுகள் கண்ட கல் நம் ஒருவர் வேண்டுதலுக்காகக் கரிபடியலாகாது.

நிறைவாகச் சண்டிகேசுவரரை வணங்குங்கள். இங்கே அவர் தேஜஸ் சண்டிகேசுவரர் எனப்படுகிறார். பிறகு பலிபீடத்துக்கு வெளியே வந்து விழுந்து கும்பிடலாம். மேற்கு நோக்கிய கோயில் என்பதால் தலை வடக்கே இருக்க வேண்டும். ஆண்களுக்கு எட்டுறுப்பு வணக்கமும் பெண்களுக்கு ஐந்துறுப்பு வணக்கமும் மரபு. உடனே எழுந்து ஓடாமல் சிறிது நேரம் அமர்ந்திருங்கள்.

அமர்ந்திருக்கும் அந்த நேரத்தில் கோயிலின் வரலாற்றையும் எண்ணிப் பார்க்கலாம். முதலாம் குலோத்துங்க சோழன் காலத்தில் எழுந்த இக்கோயிலைக் கல்வெட்டு ‘குலோத்துங்கசோழ மார்த்தாண்டாலயம்’ என்கிறது. மார்த்தாண்டன் என்பது சூரியனின் பெயர். சோழர்கள் தம்மைச் சூரிய குலத்தவர் என்று சொல்லிக்கொண்டவர்கள். ஆனாலும் சூரியனையே மூலவராக வைத்துக் கோயில் எடுப்பது தமிழ்நாட்டில் அரிய செயல். வட இந்தியாவில் கன்னோசியை ஆண்ட காகடவால அரச மரபினர் சூரிய வழிபாட்டில் பற்றுடையவர்கள். அவர்களது முற்றுப்பெறாத கல்வெட்டு ஒன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் குலோத்துங்கன் காலத்ததாகக் கிடைத்திருக்கிறது. அந்த உறவின் தாக்கம் இக்கோயிலில் இருக்கக்கூடும் என்று வரலாற்றறிஞர்கள் கருதுகிறார்கள். இன்று இக்கோயிலைத் திருவாவடுதுறை ஆதீனம் நிருவகித்து வருகிறது.

அர்ச்சனையும் பரிகாரமும்

அர்ச்சனைச் சீட்டைக் கோயில் அலுவலகத்தில் மட்டும் வாங்குங்கள். அபிடேகமோ ஓமமோ செய்ய விரும்பினால் முன்னதாகவே அலுவலகத்தில் பேசி, கட்டணத்தையும் கொண்டுவர வேண்டிய பொருள்களையும் கேட்டு, பணத்துக்கு இரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வெளியே உங்களை அணுகி, முகத்தைப் பார்த்த உடனேயே கடும் தோஷம் இருப்பதாகச் சொல்லிப் பெருந்தொகைக்குப் பரிகாரம் பேசுகிறவர்களுக்குக் கைகூப்பிவிட்டு நடந்துவிடுங்கள். இதில் கூச்சம் வேண்டாம். அர்ச்சகரின் தட்டில் காணிக்கை இடுவது உங்கள் விருப்பம், ஆனால் கேட்டு வாங்கப்படும் தொகைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.

கண் நோய், தோல் நோய் நீங்க வேண்டிப் பலர் இங்கு வருகிறார்கள். உடலை இயக்குபவன் சூரியன் என்னும் நம்பிக்கை தொன்மையானது. நானும் அந்த நம்பிக்கையில் வளர்ந்தவன். வேண்டிக்கொள்ளுங்கள், மருந்தையும் நிறுத்தாதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள் தரிசனம் முடியட்டும் என்று பட்டினி கிடக்க வேண்டாம். இரண்டு கோயில்களையும் முடிக்க மூன்று மணி நேரமாவது ஆகும்.

திரும்பும்போது

பதினொரு மணிக்குள் தரிசனம் முடிந்துவிட்டால், அருகிலேயே இருக்கும் கஞ்சனூருக்கும் நடை சாத்துவதற்குள் சென்றுவிடலாம். சுக்கிரனுக்குரிய தலம் அது; இறைவன் அக்கினீசுவரர். நேரம் போதாவிட்டால் ஆடுதுறைக்கு வந்து உணவருந்தி, மாலை நான்கு மணிக்குப் பிறகு கஞ்சனூருக்குச் செல்லலாம். ஆடுதுறையிலேயே ஆபத்சகாயேசுவரர் கோயில் இருக்கிறது. தென்குரங்காடுதுறை என்று தேவாரத்தில் பாடப்பெற்ற தலம் அதுதான். மாலையில் அதையும் தரிசித்துவிட்டுக் கும்பகோணம் பேருந்தைப் பிடிக்கலாம். நீங்கள் கொண்டுவந்த கோதுமையில் ஒரு பிடியை அர்ச்சகர் பிரசாதமாகத் திருப்பித் தந்திருந்தால், அதைப் பூசை அறையில் மூடி வைத்துவிடாமல் ஊறவைத்துப் பசுவுக்குக் கொடுத்துவிடுங்கள்.